ஆறு பேர் ஏறும் படகு

தம்பிராசாவின் கொட்டிலில் இரண்டு ஜெட் படகுகள் இருந்தன. புத்தூரில், ஒரு பக்கம் வெங்காயப் பாத்திகளும் மறுபக்கம் பழுதுபார்க்க வந்த நீரிறைக்கும் இயந்திரங்களுமாகக் கிடந்த வளவில், கடலுக்குச் சம்பந்தமில்லாதவை போல அவை படகிழுக்கும் ரெயிலர் வண்டிகளின் மேல் நின்றன. வடமராட்சிக் கரையில் விடுதி நடத்திய ஒருவர் அவற்றை வெளிநாட்டிலிருந்து இறக்கி, இரண்டு பருவம் ஓட்டிவிட்டு, விடுதியை மூடிக்கொண்டு போனபோது தம்பிராசா இரண்டையும் சேர்த்து வாங்கியிருந்தார். சிவப்புப் படகில் நான்கு பேர் இருக்கலாம். வெள்ளைப் படகில் ஆறு பேர்.

உரும்பிராயிலிருந்து வந்திருந்த செல்வத்துரை வெள்ளைப் படகின் கீழே சாக்கு விரித்து மல்லாந்து படுத்துக் கைவிளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் ஒருவர் படுக்கக்கூடிய இடம் அல்ல அது. தம்பிராசா பக்கத்தில் குந்தியிருந்து, படகைப் பாராமல் அவரையே பார்த்தார்.

“ஐயா என்னட்டை வாறது இது ரெண்டாந்தரம். முதற்தரம் சந்தைக்கு வந்து என்ரை தராசைத் தூக்கிக்கொண்டு போனியள்.”

“தராசிலை பிழை இருந்தது.”

“ஓம், இருந்தது. இல்லையெண்டு நான் அண்டைக்கும் சொல்லேல்லை. ஆனா ஐயா, அதோடை நான் வெங்காய யாவாரத்தையே விட்டிட்டன். உங்களாலைதான் படகு விக்கிற நிலைக்கு வந்திருக்கிறன்.”

“இதுக்கை அலகு தேஞ்சிருக்கு.”

“கொஞ்சம் தேஞ்சிருக்கும். மண் உறிஞ்சினா தேயாதோ?”

ஜெட் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியில் உள்ள வாயால் நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் அலகுகளால் அழுத்தி, பின்புறத்தாற் பீச்சித் தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும். பிள்ளைகள் நீரிற் குதித்தால் அவர்களின் காலை வெட்ட எதுவும் இல்லை. இடுப்பளவுக்கும் குறைந்த நீரிலும் ஓடும். இந்த இரண்டு காரணங்களுக்காகச் செல்வத்துரை அந்த வகையைத் தெரிந்தெடுத்திருந்தார். அலகின் விளிம்புக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையே மெல்லிய தகடொன்றைச் செருகிப் பார்த்தார். சிவப்புப் படகில் அந்தத் தகடு நுழைய மறுத்திருந்தது. வெள்ளையில் இலகுவாக நுழைந்தது.

“சிவப்பை எடுங்கோ. நல்ல சாமான்,” என்றார் தம்பிராசா.

“அதிலை நாலு பேர்.”

“வீட்டிலை எத்தினை பேர்?”

செல்வத்துரை தகட்டைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வீட்டில் இருப்பவர் ஒருவர்தான். “நத்தாருக்கு வருகினம். என்னோடை ஆறு,” என்றார்.

தம்பிராசா தேநீருக்குச் சொன்னார். செல்வத்துரை பழக்கத்தால் வேண்டாம் என்றார். அளவை நிறுவைப் பரிசோதகராக இருந்த காலம் முழுவதும் எந்தக் கடையிலும் அவர் தேநீர் குடித்ததில்லை. பருத்தித்துறை மீன்சந்தையிலிருந்து சுன்னாகம் வரை அவர் முத்திரை குத்தாத தராசு இல்லை; ஆனால் அந்த வழியில் அவர் உட்கார்ந்து கதைத்த வாங்குப்பலகை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் எங்கும் தேநீர் குடிக்கலாம். அதற்குள் அவரிடம் கேட்கும் வழக்கம் எல்லாருக்கும் விட்டுப்போயிருந்தது.

*

மகன் அனோஜனின் குடும்பம் ரொறொன்ரோவிலிருந்து கடைசியாக வந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர். உரும்பிராயில் ஒரு மாதம் நிற்பதாக வந்தவர்கள் மூன்றாம் நாளே தெற்கில் நீச்சற்குளமுள்ள ஒரு விடுதிக்குப் புறப்பட்டார்கள். “பிள்ளையளுக்கு இஞ்சை அலுப்படிக்குது அப்பா. செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை,” என்று அனோஜன் சொன்னான். அது குற்றச்சாட்டு அல்ல, உள்ளதைச் சொன்னான். செல்வத்துரையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இம்முறை நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு, அவர்கள் வரும்போது செய்வதற்கு ஒன்று இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். படகு சரியாக அமைந்தால் அவர்கள் மூன்று நாளிற் போய்விடமாட்டார்கள். அதற்கு மேல் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதற்குக் குறைவாகவும் எதிர்பார்க்கவில்லை.

மனைவி மார்கிரட்டும் அவர்களோடுதான் வருவார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று போனவர், இரண்டரை ஆண்டுகளாக அங்கே இருந்தார். ஏன் என்று செல்வத்துரை கேட்டதில்லை. அங்கே வீட்டைச் சூடாக்கும் வசதி உண்டு; பேரப்பிள்ளைகள் உண்டு; தேவாலயத்தில் தமிழ் ஆராதனை உண்டு. உரும்பிராயில் அவர் மட்டும் இருந்தார். ஒரு பக்கத்தில் அவ்வளவும் இருக்க, மறுபக்கத்துத் தட்டு மேலே போவதில் வியப்பில்லை என்று அவர் கணக்கை முடித்திருந்தார்.

தம்பிராசாவிடம் போய்வந்த மறுநாட் காலை மார்கிரட் தொலைபேசியில் வந்தார். செல்வத்துரை எல்லாருடைய நிறையையும் கேட்டார்.

“என்னத்துக்கு இப்ப எங்கடை நிறை?”

“படகைச் சுமையோடை ஓட்டிப் பாக்கவேணும். வெறுமனே ஓட்டினா எந்தப் படகும் நல்லாத்தான் ஓடும்.”

“இஞ்சருங்கோ, ஆக்கள் நத்தாருக்கு வருகினம் எண்டா மற்றச் சனம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும். நீங்கள் எங்களைத் தராசிலை ஏத்திறியள்.”

“வெள்ளையும் அடிச்சாச்சு.”

மார்கிரட் சிரித்தார். அந்தப் பக்கத்தில் குளியலறைத் தராசை இழுத்துவரும் சத்தம் கேட்டது. பேரன் நேத்தன் சப்பாத்தோடு ஏறி, இறக்கப்பட்டு, சப்பாத்தில்லாமல் மறுபடி ஏறினான். பன்னிரண்டு வயதான அபிகேல் தன் நிறையைச் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு அப்பம்மாவின் காதுக்குள் மட்டும் சொன்னாள். அதைத் தம்பி உரக்கச் சொன்னான். கதவொன்று அடித்துச் சாத்தப்பட்டது. அனோஜனின் நிறை வந்தது. மார்கிரட்டின் நிறையும் வந்தது. எல்லாம் தசமத்தோடு வந்தன. செல்வத்துரை அவற்றைக் குறித்துக்கொண்டார்.

“ஜொய்சி?” என்று மருமகளின் நிறையைக் கேட்டார்.

“அறுவது.”

செல்வத்துரையின் பேனை நின்றது. சந்தைகளில் அவர் கற்றுக்கொண்டவற்றுள் இது முதலாவது: நிறுத்தவன் சொல்லும் நிறை ஒழுங்கற்றதாக இருக்கும். நிறுக்காதவன் சொல்லும் நிறை முழு எண்ணாக இருக்கும், விரைவாகவும் வரும்.

“எப்ப நிறுத்தது?”

“முந்தி ஒருக்கா.”

“இப்ப ஒருக்கா ஏறி நிக்கச் சொல்லும்.”

“அவள் படுத்திட்டாள்.”

“நாளைக்கு நிறுத்துச் சொல்லும்.”

“சரி, பாப்பம்,” என்றார் மார்கிரட். பிறகு மழையைப் பற்றிக் கேட்டார்.

தொலைபேசியை வைத்த பின்னர் செல்வத்துரை ஒன்றை நினைத்துப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளாக, அவர் கதைத்த ஒவ்வொரு முறையும் மருமகள் வேலையில் இருந்தாள், அல்லது குளித்துக்கொண்டிருந்தாள், அல்லது படுத்துவிட்டாள். மாமனார் பெயர் சொல்லி அழைக்காதபோது மருமகள் தொலைபேசிக்கு வரவேண்டியதில்லை, அவரும் அழைத்ததில்லை. அதை மரியாதை என்று இருபக்கமும் வைத்துக்கொள்ள முடிந்திருந்தது.

அவர் வேலையைத் தொடங்கினார். மேல்மாடியில் அவர்களுக்கென்று குளியலறை கட்டியபோது மிஞ்சிய மணல் வளவின் மூலையிற் கிடந்தது. உரப்பைகளைக் கழுவிக் காயவைத்து, ஓய்வு பெற்றபோது ஏலத்தில் வாங்கிய மேடைத்தராசை வெளியே எடுத்து, ஒவ்வொருவரையும் மணலால் நிறுத்துக் கட்டினார். பைகளில் மையால் முதலெழுத்துகளை எழுதினார். ‘ஜொ’ என்ற பைக்கு அறுபது கிலோ போட்டார். அதை மட்டும் இறுக்கிக் கட்டாமல் வைத்தார். நிறை திருத்தப்படும் என்று எண்ணினார்.

*

இரண்டு நாட்களுக்குப் பிறகு அனோஜன் தொலைபேசியில் எடுத்தான். காருக்குள் இருந்து கதைத்தான். கார் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

“அப்பா, நிறை கேட்டனீங்களாம்.”

“ஓம். ஜொய்சியின்ரை மட்டுந்தான் மிச்சம்.”

“அவவை விட்டிடுங்கோ.”

“ஏன், படகிலை ஏறப் பயமோ?”

“அவ வரேல்லை அப்பா.”

“லீவு குடுக்கேல்லையோ?”

அனோஜன், முன்னரே பலமுறை சொல்லிப் பார்த்தவனைப் போல ஒரே மூச்சிற் சொன்னான். “ஜொய்சி எங்களோடை இல்லை. ரெண்டு வருஷமாச்சு. பிள்ளையள் ஒரு கிழமை அவவோடை, ஒரு கிழமை என்னோடை. எனக்கு இரவு வேலை. அம்மா அதுக்காகத்தான் இஞ்சை நிண்டவ.”

செல்வத்துரை சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அதில் நத்தாருக்கு முந்திய வாரத்தைப் பேனையால் வளைத்திருந்தார்.

“அம்மாவுக்கு முதல் நாளிலை இருந்தே தெரியுமோ?”

“தெரியும்.”

“எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் நிறுப்பியள் அப்பா.”

“என்னத்தை?”

“ஆரிலை பிழை எண்டு. அவவிலை இவ்வளவு, என்னிலை இவ்வளவு எண்டு. அதுவும் சரியாத்தான் நிறுப்பியள். பிறகு முத்திரை குத்தீடுவியள். பேந்து அதை ஒருத்தராலும் மாத்தேலாது.” அவன் குரலில் கோபம் இல்லை. “எனக்கு அந்த நேரம் அது ஏலாமல் இருந்தது. அவவுக்கும் ஏலாமல் இருந்திருக்கும்.”

செல்வத்துரை விமானம் வந்திறங்கும் நேரத்தைக் கேட்டார். அனோஜன் சொன்னான். இருவரும் வைத்துவிட்டார்கள்.

அன்று முழுவதும் மழை பெய்தது. மார்கிரட் கணவனை மறந்து அங்கே தங்கிவிடவில்லை என்பதில் செல்வத்துரை ஆறுதல் அடைந்திருக்கலாம். ஆனால் அதை அடைவதற்கு முன்னால் வேறொன்று நின்றது. நாற்பது ஆண்டுகள் கூடவாழ்ந்த மனைவி, கணவனை மறந்தவள் என்று அவர் தன்னை நினைக்க விடுவதை, உண்மையைச் சொல்வதைவிட எளிதாகக் கண்டிருக்கிறார். இதில் யார் பிழை என்று அவர் மனம் தன் பழக்கப்படி தேடத் தொடங்கியது. தேடுவதை உணர்ந்து நிறுத்தினார். நிறுத்திய பிறகு செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. வானொலியைப் போட்டார், செய்தி முடிந்ததும் அணைத்தார்.

மழை விட்ட பின் வளவுக்குப் போனார். ஆறு இப்போது ஐந்து ஆகிவிட்டது. ‘ஜொ’ பையை அவிழ்த்து மணலைக் கொட்டவேண்டும். கயிற்றில் கைவைத்தவர், அதை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே வந்தார்.

*

படகை ஓட்டிப் பார்க்க வந்த காலையில் வல்லை வெளியில் ஆள் நடமாட்டம் இல்லை. மாரி மழையால் தொண்டைமானாற்று நீரேரி வீதிப் பாலத்தின் இரு பக்கமும் கரை தொட்டுக் கிடந்தது. தம்பிராசா உழவு இயந்திரத்தில் படகை இழுத்துவந்தார். அதன் பின்பெட்டியில் பைகளும் மேடைத்தராசும் வந்தன. செல்வத்துரை தராசைக் கரையில் மட்டம் பார்த்து வைத்தார்.

“ஏறும்.”

“நானோ?”

“நீர்தான் என்ரை மோனின்ரை இடத்திலை இருந்து ஓட்டப்போறீர். வித்தியாசம் தெரியவேணும்.”

“அந்தக் காலத்திலை என்ரை தராசை நிறுத்தியள். இப்ப என்னையே நிறுக்கிறியள்,” என்று சொல்லியபடி தம்பிராசா ஏறினார். அனோஜனைவிட அவர் ஒன்பது கிலோ குறைவாக இருந்தார். செல்வத்துரை சிறிய பையொன்றில் மணலை நிறுத்துக் கட்டி அவர் கையிற் கொடுத்தார்.

“இது என்ன?”

“மிச்சம்.”

தம்பிராசா பையைத் தூக்கிப் பார்த்தார். “ஆக, உங்கடை மோனின்ரை தொந்தியை நான் மடியிலை வைச்சிருக்கவேணும்.”

செல்வத்துரை சிரிக்கவில்லை; மறுக்கவும் இல்லை. பைகளை இருக்கைகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் உயிர்காப்பு அங்கியை மாட்டி வாரை இழுத்தார். அங்கிக்கும் நிறை உண்டு என்று விளக்கம் சொன்னார். முன்னிருக்கையில் தம்பிராசாவுக்குப் பக்கத்தில் மார்கிரட்டின் பை. நடுவில் ‘ஜொ’ பையும் நேத்தனின் பையும். பின்னால் அபிகேலின் பையோடு செல்வத்துரை. செம்மஞ்சள் அங்கிகளோடு அவை தலையற்ற மனிதர்களைப் போல நேராக இருந்தன.

“ஐயா, ஒண்டு சொல்லுறன், வீட்டுக்காரருக்குச் சொல்லி வையுங்கோ,” என்றார் தம்பிராசா. “முன்னுக்கு ஏதும் தெரிஞ்சு, பயத்திலை வேகத்தைக் குறைச்சால் உது திரும்பாது. நேரை போய்த்தான் முட்டும். திரும்ப வேணுமெண்டால் வேகம் குடுக்கவேணும்.”

“எழுதி ஒட்டுறன்.”

இயந்திரம் முழங்கியது. படகின் மூக்கு வானை நோக்கி உயர, பின்பக்கம் நீருக்குள் அமிழ்ந்தது. இவ்வகைப் படகு போதிய வேகம் கண்டதும் மூக்கைத் தாழ்த்தி நீரின் மேல் எழும்பிச் சறுக்கிப் போகவேண்டும். வெள்ளைப் படகு எழும்பவில்லை. பெரிய அலையொன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு உழுதது. தம்பிராசா கரையோரம் திருப்பி, இறங்கி, அடிவாயில் சிக்கிய பாசியைக் கையால் வழித்தார். மறுபடி ஓடினார்கள். மறுபடியும் உழுதது.

கரையில் நிறுத்தி, தம்பிராசா மடியில் இருந்த சிறு பையைக் காலடியில் வைத்தார். “ஒண்டை இறக்குவம் ஐயா. ஒரு பை குறைஞ்சாப் பறக்கும். அதையும் ஒருக்காப் பாருங்கோ.” பைகளைத் திரும்பிப் பார்த்தார். “ஜொ எண்டது ஆர்?”

“மருமகள்.”

“சரியான நிறை. அவவை இறக்குவம். ஒரு சுத்துக்குத்தானே.”

“அவ இறங்கி ரெண்டு வருஷமாச்சு,” என்றார் செல்வத்துரை.

தம்பிராசாவுக்கு விளங்கவில்லை. செல்வத்துரை விளக்கினார். மோனை விட்டுப் பிரிந்துவிட்டாள். தனக்கு முந்தநாள்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் முதலே தெரியும். மூன்று வாக்கியங்களில் அது முடிந்துவிட்டது. அதைக் கேட்ட முதல் மனிதர், ஒருகாலத்தில் அவர் தராசைப் பறிமுதல் செய்த வெங்காய வியாபாரி என்பது சொல்லி முடித்த பின்னரே அவருக்கு உறைத்தது.

தம்பிராசா நீருக்குள் துப்பினார். “அப்ப அந்தப் பையை ஏன் ஐயா சுமந்துகொண்டு வந்தியள்?”

“நிறை சரியோ எண்டு தெரியாது.”

“அவவைக் கேட்டாத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, தம்பிராசா பாசி வழிக்கும் சாட்டில் இறங்கிப் படகின் பின்பக்கம் போனார்.

செல்வத்துரை கரைக்கு இறங்கி, ஈர மண்ணில் கொஞ்சத் தூரம் நடந்தார். மருமகளின் இலக்கம் அவர் தொலைபேசியில் இருந்தது. முன்னர் அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதிலிருந்து அழைப்பு வரும். இரண்டு ஆண்டுகளாக வரவில்லை. வேலைப்பளு என்று அதற்கும் ஒரு விளக்கத்தை அவர் எழுதி வைத்திருந்தார். அவர் பக்கத்திலிருந்து அந்த இலக்கத்துக்கு ஓர் அழைப்பும் போனதில்லை.

நெடுநேரம் மணி அடித்தது.

“மாமா?” என்றாள் ஜொய்சி. “ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?”

“இல்லை, எல்லாரும் சுகம். நான் ஒரு படகு பாக்கிறன்.”

“நேத்தன் சொன்னவன்.” பிறகு கவனமாகக் கேட்டாள். “மாமா, உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையோ?”

“சொன்னவை. முந்தநாள்.”

“ம்.”

அவள் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. பரிசோதகர் கடைக்குள் நுழைந்ததும் தராசைத் துடைத்து முன்னால் வைத்துவிட்டு நிற்பவர்களை அவர் கண்டிருக்கிறார். அந்த மௌனம் இதுதான்.

“உம்மடை நிறை என்ன?” என்று கேட்டார்.

“என்ன மாமா?”

“நிறை. அறுவது எண்டு எனக்குத் தந்தினம். எனக்கு அதிலை நம்பிக்கை இல்லை.”

அந்தப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது; சிரிப்பாக இருக்கலாம். “மாமா, நான் வரேல்லை. நான் அந்தப் படகிலை ஏறமாட்டன். விளங்குதோ உங்களுக்கு?”

“விளங்குது.”

“அப்ப ஏன்?”

செல்வத்துரை யோசித்தார். பிழையில்லாமற் சொல்லவேண்டும் என்று பட்டது. “பிள்ளையள் கேப்பினம், அம்மா வந்தா இதிலை இடம் இருக்கோ எண்டு. ஓமெண்டோ இல்லையெண்டோ நான் சொல்லவேணும். பாக்காமல் சொல்லேலாது.”

பாலத்தின் மேல் பாரவூர்தி ஒன்று போய் மறைந்தது.

“குளியலறையிலை தராசு இருக்கு,” என்றாள். “லைனிலை நிக்கிறியளோ?”

“நிக்கிறன்.”

காலடிச் சத்தம் போனது. ஒரு கதவு. அந்த வீட்டை அவர் படத்திற்கூடப் பார்த்ததில்லை. எத்தனை அறைகள் என்று தெரியாது. வேறு குரல் எதுவும் கேட்கவில்லை. இது பிள்ளைகள் அனோஜனோடு இருக்கும் வாரம் போலும்.

“ஐம்பத்தொண்டு தசம் மூண்டு.”

“சப்பாத்தோடையோ?”

“வெறுங்காலோடை.”

“சரி.” இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அவருக்குள் தானாகவே கழிபட்டது. “சாப்பிட்டீரோ?”

“இனித்தான்.” பிறகு அவள் கேட்டாள். “இவையள் இஞ்சை திரும்பி வந்தாப் பிறகு படகை என்ன செய்வியள் மாமா?”

“நல்ல தண்ணியாலை உள்ளுக்குக் கழுவவேணும். ஓடாட்டியும் கிழமைக்கு ஒருக்கா இஞ்சினைப் போட்டு எடுக்கவேணும். இல்லாட்டி உப்பிலை இறுகிப்போம்.”

“தனியவோ?”

“அதுக்கு ஒராள் காணும்.”

“ம். எனக்கு நத்தாருக்கு லீவு. பிள்ளையள் உங்களோடை.” அவள் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

“நான் அண்டைக்கு ஃபோன் எடுக்கிறன்.”

“நீங்கள் எடுக்கிற ஆள் இல்லையே மாமா.”

“இண்டைக்கு எடுத்தனான்.”

யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றார்கள். ஜொய்சி வைத்தாள்.

தம்பிராசா படகின் விளிம்பில் இருந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். “என்னவாம்?”

“கிட்டத்தட்ட ஒன்பது கிலோ குறைவு.”

“அப்பச் சிலவேளை எழும்பும்.”

இருவரும் ‘ஜொ’ பையை இறக்கித் தராசில் வைத்தார்கள். செல்வத்துரை கயிற்றை அவிழ்த்து, மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கரையிற் போட்டார். முள் அந்த எண்ணுக்கு வரும்வரை போட்டார். கூடுதலாக அள்ளிவிட்டதில் ஒரு பிடியைத் திரும்ப உள்ளே விட்டார். தம்பிராசா அந்தப் பிடியைப் பார்த்துத் தலையசைத்தார். “உங்களோடை யாவாரம் செய்த நாங்கள் எப்பிடித் தப்பிப் பிழைச்சமோ தெரியாது,” என்றார். பையை முன்னிருந்த இடத்திலேயே வைத்துக் கட்டினார்கள்.

மூன்றாம் ஓட்டத்தில் மூக்கு சாண் அளவு இறங்கியது. தம்பிராசா முழுவேகம் கொடுத்து, உடலை முன்னால் வளைத்து, படகைத் தன் நெஞ்சால் தள்ளுபவரைப் போல இருந்தார். மூக்கு அதற்கு மேல் இறங்கவில்லை. படகு எழும்பவில்லை.

வேகத்தைக் குறைத்துவிட்டு அவர் திரும்பினார். “முடியாது ஐயா. தேஞ்ச அலகு. இனி ஒண்டில் அலகை மாத்தவேணும், அதுக்குக் கொழும்பிலையும் சாமான் இல்லை. இல்லாட்டி ஒரு பையை இறக்கவேணும். இறக்குவம். அவ வரேல்லைத்தானே.”

“இறக்கவேண்டாம்.”

“இப்பிடி ஓடினா உது ஜெட் படகில்லை. எருமை.”

“தாழுதோ?”

“தாழேல்லை.”

“தண்ணி உள்ளுக்கு வருதோ?”

“வரேல்லை.”

“இதைத்தான் எடுக்கிறன்,” என்றார் செல்வத்துரை. “பாலம் வரைக்கும் இப்பிடியே விடும்.”

தம்பிராசா எதையோ சொல்ல வாயெடுத்து, விற்பவர் சொல்லக்கூடாதது அது என்பதை நினைத்தவர் போலத் திரும்பிக்கொண்டார். படகு மெதுவாகப் போயிற்று. ஆறு பேரும் ஒன்றாக அதில் ஏறும் நாள் வரப்போவதில்லை என்பதில் செல்வத்துரைக்கு ஐயம் இருக்கவில்லை. நத்தார் விடுமுறையில் ஐந்து பேர் ஏறுவார்கள், படகு எழும்பிப் பறக்கும், நேத்தன் கத்துவான், பிறகு அவர்கள் போய்விடுவார்கள். அதன் பிறகு ஒருவர் இருந்து இயந்திரத்தைக் கழுவுவார். ஆனால் இடம் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்டால், இருக்கிறது, மெதுவாகத்தான் போகும் என்று அவர் சொல்லலாம். பார்த்துவிட்டுச் சொல்வதாகவே அது இருக்கும்.

மணல் குறைந்ததால் ‘ஜொ’ பையின் அங்கி தளர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. செல்வத்துரை பின்னிருந்து எட்டி அதன் வாரை இழுத்து இறுக்கினார். பாலத்தின் மேல் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்துகொண்டிருந்தது. யன்னலோரம் இருந்தவர்கள், செம்மஞ்சள் அங்கிகளோடு நீரின் நடுவே ஆறமரப் போகும் குடும்பமொன்றைக் கண்டு கையசைத்தார்கள். தம்பிராசா பதிலுக்குக் கையை உயர்த்தினார். செல்வத்துரை இரண்டு கைகளாலும் பையைப் பிடித்திருந்தார்.